எந்த ரடியோசா?

1

ஊரில இருக்கிற மச்சாள் போனில கதைக்கேக்க ஒரு கேள்வி கேக்காமல் வைக்கமாட்டா: உனக்கு அங்க உண்மையில என்ன வேலை? ஏரித் தண்ணியில இருக்கிற பாசியளை இனம் பிரிச்சு, பேர் பாத்து, எண்ணுறன் எண்டு எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன். நம்பமாட்டா. பாசிக்குப் பேர் பாக்கிற ஆளுக்குச் சம்பளம் குடுக்கிற விசர் நாடு உலகத்தில இருக்கேலாது எண்டது அவவின்ர முடிவு. பிலோமினா இன்னும் கக்கூஸ்தான் கழுவுறாள், வெக்கத்தில மறைக்கிறாள் எண்டு மன்னார் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறாவாம்.

மச்சாள், இது உங்களுக்குத்தான். வாசிச்சிட்டு மற்றவைக்கும் காட்டுங்கோ.

இப்ப ஏன் எழுதுறன் எண்டால், போன கிழமை என்ர மகள் மெலனிக்கு இஞ்ச பதிவுக் கலியாணம் நடந்தது. அதுக்கு நாலு மாசத்துக்கு முன்னம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, தான் மாப்பிள்ளையின்ர குடும்பப் பேரை எடுக்கப்போறன் எண்டு மெலனி சொன்னாள். மாப்பிள்ளை லூக்காஸ் ஹூபர் இந்த ஊர்ப் பெடியன், தங்கமான பிள்ளை. மீன்முள் எடுக்கத் தெரியாது எண்டதைத் தவிர அவனில ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் அதுக்காக மெலனி விடப்போற பேர் என்ன தெரியுமோ? பிலோமினா. என்ர சொந்தப் பேர். நான் பாதியில எழும்பிக் கையைக் கழுவிப்போட்டுப் போயிட்டன். அண்டையில இருந்து ஆறு கிழமை அவளோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல.

2

தாயின்ர பேர் எப்பிடி மகளுக்குக் குடும்பப் பேர் ஆனது எண்டு கேப்பியள். அதுதான் இந்த நாட்டின்ர பெட்டியள் செய்த வேலை.

என்ர அப்பா சந்தியாப்பிள்ளை. ஊரில நான் ச. பிலோமினா. இஞ்ச வந்து இறங்கின முதல் கிழமை, அகதி விண்ணப்பம் பதியிற கந்தோரில, அடையாள அட்டையில கிடந்த ஒழுங்கிலயே சந்தியாப்பிள்ளை பிலோமினா எண்டு எழுதிக் குடுத்தன். இவையளுக்கு முதல் வாறது ஆளின்ர பேர், பின்னால வாறது குடும்பத்தின்ர பேர். எங்களுக்கு அது மறுவளம். அங்க இருந்த மனுசன் படிவத்தின்ர முதல் பெட்டிக்குள்ள அப்பாவைப் போட்டார், ரெண்டாம் பெட்டிக்குள்ள என்னைப் போட்டார், சீல் குத்தினார். அதோட சரி. மாத்திறதெண்டால் அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் எழுதிப் போடவேணும். அந்த அன்ட்ராக்குக்கு ஊரில இருந்து மூலப் பத்திரம் வேணும். மூலப் பத்திரம் எடுக்க ஊருக்குப் போகவேணும். ஊருக்குப் போனால் பிறகென்ன அகதி எண்டு கேப்பினம். நான் விட்டிட்டன்.

அதால இண்டைக்கும் கடுதாசியில என்ர முதற்பேர் சந்தியாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடிக் கடையில இருந்து, "ஹலோ சந்தியாப்பிள்ளை, உனக்கு ஒரு நல்ல செய்தி" எண்டு நீ போட்டுக் கடிதம் வரும். ஊரில வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரே எங்கட அப்பாவைச் சந்தியாப்பிள்ளையர் எண்டு மரியாதையாக் கூப்பிட்டவை. நல்லகாலம் அவருக்கு ஜேர்மன் தெரியாது.

பேந்து மெலனி பிறந்தாள். எங்கட கலியாணப் பத்திரம் இடம்பெயர்வில துலைஞ்சுபோச்சு, கோயில் புத்தகமும் எரிஞ்சுபோச்சு. பத்திரம் இல்லையெண்டால் கலியாணமும் இல்லை எண்டது இவையளின்ர கணக்கு. என்ர மனுசன் கட்டிலடியில பூவோட நிக்கேக்கயே என்னைக் கலியாணம் கட்டாத தாய் எண்டு பதிஞ்சு, பிள்ளைக்குத் தாயின்ர குடும்பப் பேர் எண்டு பிலோமினாவை எழுதினவை. மெலனிக்கு அஞ்சு வயசில நாங்கள் இஞ்ச திரும்பவும் பதிஞ்சம். தாய் தேப்பன்ர கலியாணத்துக்குப் பூச்சட்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளை அவள். ஆனால் பேர் அப்பிடியே நிண்டிட்டுது.

மெலனியின்ர பக்கத்திலயும் நியாயம் இருக்கு, இல்லையெண்டில்லை. பள்ளிக்கூடத்தில இருந்து வங்கி வரைக்கும், மெலனி சரி, பிலோமினா சரி, குடும்பப் பேர் எங்க எண்டுதான் கேக்கினமாம். ரெண்டும் ஆளின்ர பேராம். ஒவ்வொரு கந்தோரிலயும் அம்மா வந்த கதை, பெட்டி மாறின கதை எல்லாம் முதலில இருந்து சொல்லவேணுமாம். இதெல்லாம் எனக்கும் விளங்கும். ஆனால் அவள் கடைசியில சொன்னது வேற.

"அது பேர் இல்லை அம்மா. அது ஒரு பிழை."

பிழை திருத்திறது அவளுக்குச் சின்னனில இருந்தே பழக்கம். நான் கடையில வாயைத் திறந்தால் பக்கத்தில நிண்டு 'டெர் இல்லை அம்மா, டீ' எண்டு முணுமுணுப்பாள்; ஜேர்மனில ஆண்பால் சொல்லுக்கு முன்னால டெர், பெண்பாலுக்கு டீ. அதுக்கு நான் கோவிச்சதில்லை. ஆனால் இந்தப் பிழை நானெல்லோ.

3

மெலனிக்கு ஏழு வயசு நடக்கேக்க, ஏரிக்கரையில இருக்கிற ஒரு ஆய்வுகூடத்தில எனக்குத் துப்பரவு வேலை கிடைச்சது. ஏரி எண்டால் எங்கட பக்கத்துக் குளம் மாதிரி இல்லை. பொடன்சே எண்டு பேர். இந்தக் கரையில ஜேர்மனி, எதிர்க்கரையில சுவிஸ். பனிப்புகார் நாளில அதைப் பாத்தால் கடல் எண்டுதான் சொல்லுவியள். ஸ்டுட்கார்ட் வரைக்கும் இந்தத் தண்ணிதான் குழாயில போகுது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டரின்ர பேர் ஊத்தே. நான் கழுவ வந்ததே ஊத்தை, என்னை வேலைக்கு எடுத்தவவின்ர பேரும் ஊத்தே எண்டவுடன எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. ஏன் சிரிக்கிறியள் எண்டு அவ கேட்டா. உங்கட பேர் வடிவு எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

ஒரு பின்னேரம் நிலம் துடைச்சுக்கொண்டு போகேக்க, ஊத்தேயின்ர நுணுக்குக்காட்டியோட பொருத்தியிருந்த திரையில ஒண்டைக் கண்டன். வட்டமான ஒரு சாமான். விளிம்பைச் சுத்தி மயிர்க் கனத்தில கோடு கோடா, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில ஒரே அளவு இடைவெளி. கோடுகளுக்குள்ளயும் புள்ளியள், அதுவும் வரிசை தப்பாமல். நடுவில மட்டும் ஏதோ நிலா வெளிச்சம் பட்ட மாதிரி வெறுமை. நான் நினைச்சன் ஆரோ பெரிய தட்டான் செய்த வெள்ளிப் பதக்கம் எண்டு. துடைப்பத்தைப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டிட்டன். ஊத்தே திரும்பிப் பாத்து, இது ஏரித் தண்ணி எண்டா. ஒரு சொட்டுக்குள்ள இருக்கிற ஆக்களில ஒரு ஆளாம். பத்துப் பேரை வரிசையா வைச்சால்தான் தூளுப்பில ஒரு மணியின்ர நீளம் வருமாம்.

மாதாவே, எனக்கு மேல் கூசிச்சு. நான் ஏ.எல். இல உயிரியல் படிச்சனான், சோதினை எடுக்க முதல் இடம்பெயர்ந்திட்டம். எங்கட புத்தகத்தில டயட்டம் எண்டு ரெண்டு வரி கிடந்தது. பாடமாக்கினனான். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில குளிச்சு வளந்த எனக்கு, அந்த ரெண்டு வரிதான் குளம் முழுக்க மிதந்துகொண்டிருந்தது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல.

மச்சாள், உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். ஒரு டயட்டம் எண்டால் ஒரேயொரு கலம். அது தனக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டும். கதைக்குச் சொல்லேல்ல, உண்மையான கண்ணாடி, மணலில இருக்கிற அதே சிலிக்கா. வீடு ரெண்டு பாதி, சவர்க்காரப் பெட்டியும் மூடியும் மாதிரி ஒண்டுக்குள்ள ஒண்டு. கலம் ரெண்டாப் பிரியேக்க, மகட்கலம் ஒவ்வொண்டும் தாயின்ர ஓட்டில ஒரு பாதியை எடுத்துத் தனக்கு மூடியாப் போட்டுக்கொண்டு, மற்றப் பாதியைத் தானே புதுசாக் கட்டும். செத்தாலும் ஓடு அழியாது, அடியில போய்ப் படியும். ஏரியின்ர அடிச்சேற்றை நீட்டுக் குழாயில எடுத்து வருவினம். அதில கீழ்ப்பக்கம் ஆயிரக்கணக்கான வருசம் பழசு. அதை எடுத்துக் கழுவிப் பாத்தால், நேற்றுக் கட்டின மாதிரி அதே கோடுகள். இவ்வளவு வேலைப்பாட்டை ஆர் பாக்கிறதுக்கெண்டு செய்யுதுகள் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்.

அண்டைக்குப் பிறகு நான் அந்த அறையைக் கடைசியாத்தான் துடைக்கிறனான், ஊத்தே இருந்தால் ஏதாவது காட்டுவா எண்டு. நாலு வருசம் அப்பிடிப் பாத்துப் பாத்து, பேர் கேட்டுக் கேட்டு, கடைசியில ஊத்தேயே எனக்கு ஒரு அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்படிப்பு, பிடிச்சுத் தந்தா. நாப்பது வயசில, பதினெட்டு வயசுப் பிள்ளையளோட வகுப்பில இருந்து படிச்சன். இப்ப பத்து வருசத்துக்கு மேலயா நான் எண்ணுறன். ஒரு கண்ணாடித் தட்டுக்கு நானூறு ஓடு. நம்பினால் நம்புங்கோ மச்சாள், ஒரு நாளும் அலுக்கேல்ல.

4

ஆனால் துவக்கத்தில நான் விட்ட பிழையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நேர்மையில்லை.

உயிர்களுக்கு விஞ்ஞானப் பேர் ரெண்டு சொல். எங்கட தமிழ்ப் புத்தகத்தில முதல் சொல்லுக்குச் சாதி எண்டும் ரெண்டாவதுக்கு இனம் எண்டும் போட்டிருந்தது. முதலில சாதியின்ர பேர், அதை ஒரு எழுத்தாச் சுருக்கியும் எழுதலாம், பின்னால ஆளின்ர பேர். அதைப் பாத்தவுடன எனக்குச் சரியான சந்தோசம். இது எங்கட முறையெல்லோ! தேப்பன்ர எழுத்து, அதுக்குப் பிறகு பிள்ளையின்ர பேர். ச. பிலோமினா மாதிரி. இந்த நாட்டில என்னைச் சரியான ஒழுங்கில விளங்கிக்கொண்டது இந்தக் கண்ணாடிப் பாசியள்தான் எண்டு என்ர மனுசனுக்குச் சொல்லிச் சிரிச்சன்.

அங்கதான் வந்தது வினை. ஊரில ஆர் தேப்பன்ர எழுத்தைச் சொல்லிக் கூப்பிடுறது? பேரை மட்டும்தான் சொல்லுவம். ரெண்டு ரவி இருந்தால் கட்டை ரவி, வாசிகசாலையடி ரவி எண்டுவம். அதோட, ஒருத்தரிட்டச் சாதி கேக்கப்படாது எண்டு அப்பா அடிச்சுச் சொல்லி வளத்த பிள்ளை நான். எண்ணிக்கை எழுதிற தாளிலயும் கணினியிலயும் சாதியை விட்டிட்டு ஆளின்ர பேரை மட்டும் போட்டுக்கொண்டு வந்தன். மூண்டு மாசம்.

மூண்டு மாசத்தால ஊத்தே தாள்களோட ஓடி வந்தா, கன்னம் ரெண்டும் சிவந்துபோய். ஒருகாலத்தில சவர்க்காரத் தண்ணியள் கலந்து இந்த ஏரி பழுதாப்போனதாம். அப்ப குறைஞ்சுபோன ஒரு வட்டக்காரர், நடு ஏரியில மிதக்கிற ஆள், இப்ப கரைக் கல்லுகளில கும்பலா இருக்கிறார் எண்டு என்ர எண்ணிக்கை சொல்லுதாம். இப்பிடி ஒண்டை முந்தி ஒருத்தரும் காணேல்லையாம். அவவுக்குச் சந்தோசம், ஆனால் ஏதோ இடிக்குது. என்னைப் பாத்து மெதுவாக் கேட்டா:

"எந்த ரடியோசா?"

ரடியோசாதான் எண்டன். அவ வாயில கையை வைச்சா.

ரடியோசா எண்ட பேரில ரெண்டு பேர் இருக்கினம். ஒண்டு சைக்ளோட்டெல்லா ரடியோசா, நடுத் தண்ணியில மிதக்கிற வட்டக்காரர். மற்றது நவிகுலா ரடியோசா, கரைக் கல்லில ஊருற வள்ளக்காரர். நவிகுலா எண்டால் லத்தீனில சின்ன வள்ளமாம், எனக்கு அது நாவாய் எண்டு கேட்டிச்சு. ஆளைக் கண்ணால பாக்கேக்க நான் ஒரு நாளும் மாறினதில்லை. எழுதேக்கதான் ரெண்டு பேரையும் ஒரே பேருக்குக் கீழ போட்டு ஒண்டாக்கிப்போட்டன்.

வெக்கத்தில எனக்குச் செத்துப்போகலாம் போல கிடந்தது. திரும்பவும் துடைப்பம்தான் எண்டு நினைச்சன். ஊத்தே ஏசேல்ல. ஏன் முதல் சொல்லை விட்டனீங்கள் எண்டு மட்டும் கேட்டா. நான் எங்கட பேர் முறையைச் சொன்னன், பெட்டி மாறின கதையைச் சொன்னன், சந்தியாப்பிள்ளையருக்கு வாற கடிதத்தைச் சொன்னன். அவ கண்ணால தண்ணி வரச் சிரிச்சா. பேந்து ரெண்டு பேருமா மூண்டு மாசத்துத் தட்டுகளையும் முதலில இருந்து எண்ணினம். அண்டையில இருந்து எனக்கு அந்த ஆய்வுகூடத்தில பட்டப்பேர் 'எந்த ரடியோசா'.

5

இனி இந்த வருசத்துக்கு வாறன்.

மெலனியோட கதைக்காமல் இருந்த ஆறாவது கிழமை, ஊத்தே எனக்கு ஒரு புது வேலை தந்தா. ஆராய்ச்சிக்காரர் பல டயட்டங்களைச் சாதி மாத்திப்போட்டினம். மரபணுவைப் பாத்து, இவர் இந்தக் குடும்பமில்லை, அந்தக் குடும்பம் எண்டு பிரிச்சிருக்கினம். எங்கட அலுமாரியில இருக்கிற தட்டுகளின்ர பேரெல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரித் திருத்தவேணும். ஏரியின்ர பேரையே வைச்சிருக்கிற ஒருத்தியும் அதில இருந்தாள், சைக்ளோட்டெல்லா போடானிக்கா. போடானிக்கா எண்டால் பொடன் ஏரிக்காரி எண்டு அர்த்தம். அவளையும் வேற சாதிக்கு அனுப்பியாச்சு.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்ப இவளின்ர பேரையும் எறியிறதோ எண்டு ஊத்தேயிட்டக் கேட்டன். கேட்ட விதத்தில ஏதோ இருந்திருக்கவேணும், அவ பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தா. முன்பேர்தான் மாறும் எண்டா. போடானிக்கா எண்டது எங்க போனாலும் அவளோட போகும், அதுதான் சட்டம். முதல்முதல் அவளைக் கண்டு பேர் வைச்ச ஆளின்ர பேரையும் அழிக்கேலாது, அடைப்புக்குறிக்குள்ள போட்டுப் பக்கத்திலயே வைச்சிருக்க வேணும். எத்தினை தரம் வீடு மாறினாலும் முதல் ஆள் அந்த அடைப்புக்குறிக்குள்ள இருப்பார். இதையும் சொல்லிப்போட்டு, மெலனிக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா. நான் எல்லாத்தையும் கொட்டினன்.

அண்டு மத்தியானம் போடானிக்காவின்ர தட்டை எடுத்து எண்ணெய்த் துளி விட்டுப் பாத்தன். புது லேபல் ஒட்டினதுக்கு அவளில ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பக்கத்தில ஒரு ஓடு, பிரிஞ்சுகொண்டிருக்கேக்க செத்தது போல, தாயின்ர பாதியும் தன்ர புதுப் பாதியுமாக் கிடந்தது. இதை நான் ஆயிரம் தரம் கண்டிருக்கிறன். எண்டாலும் அண்டைக்குக் கண்ணை எடுக்க மனம் வரேல்ல.

பஸ்சுக்கு நிக்கேக்க மெலனிக்குப் போன் எடுத்தன். எடுத்தவுடனயே அவள் பயந்துபோய் அப்பாவுக்கு ஏதுமோ எண்டு கேட்டாள். இல்லை எண்டன். உனக்கு விருப்பமான குடும்பப் பேரை எடு பிள்ளை, மெலனி எண்டது மாறாதுதானே எண்டு கேட்டன்.

"அதை ஆர் அம்மா மாத்துவினம்? அது நீங்கள் வைச்ச பேரெல்லோ."

வாயால விட்டுக்குடுத்திட்டன். மனம் ஆறினதெண்டு பொய் சொல்லமாட்டன். போடானிக்காவுக்கு அடைப்புக்குறி இருக்கு, எனக்கு என்ன இருக்கு எண்டு உள்ளுக்குள்ள அரிச்சுக்கொண்டுதான் கிடந்தது.

6

போன வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவுக்கு டெர்மீன், குறிச்சுத் தந்த நேரம். பதிவுக் கந்தோர் ஏரியைப் பாத்தபடி ஒரு பழைய கட்டிடத்தில. மெலனி எங்கட சிவப்புச் சேலையைத் தானே இணையத்தில பாத்துக் கட்டிக்கொண்டு வந்தாள், முன்மடிப்புக் கொய்யகம் கோணல். நான் குனிஞ்சு ஊசி குத்தி நேராக்கி விட்டன். என்ர மனுசன் புதுக் கோட்டுக்குள்ள மூச்சுவிட ஏலாமல் நிண்டார். ஊத்தேயும் வந்திருந்தா.

பதிவாளர் ஒரு வயசான மனுசி. ரெண்டு பேரிட்டயும் சம்மதம் கேட்டா. ரெண்டு பேரும் யா எண்டினம், மெலனி அதுக்குப் பிறகு எங்களைத் திரும்பிப் பாத்து ஓம் எண்டும் சொன்னாள். மோதிரம் போட்டினம். கையெழுத்து வைக்க முதல் எழுதினதை வாசிக்க வேணுமாம். பதிவாளர் எழும்பி நிண்டு, கண்ணாடியை ஏத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி வாசிச்சா. குடும்பப் பேர் வாற இடத்துக்கு நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

"மெலனி ஹூபர், கெபோரனே பிலோமினா."

இந்தச் சொல் எனக்குப் புதுசில்லை. விண்ணப்பங்களில 'கெப்.' எண்டு சுருக்கிக் கிடக்கும், பிறந்த திகதிக்கும் அதே எழுத்துத்தான், நான் எப்பவும் திகதியாக்கும் எண்டு தாண்டிப் போயிருக்கிறன். முழுசா, சத்தமா, என்ர பேரோட சேர்த்து ஒருத்தரும் எனக்கு முன்னால சொன்னதில்லை. கெபோரன் எண்டால் பிறந்தது. முப்பது வருசமா ஜேர்மன் கதைக்கிறன், எண்டாலும் அந்த நேரம் அது காதில தமிழாத்தான் விழுந்தது. மெலனி ஹூபர், பிலோமினாவுக்குப் பிறந்தவள். நான் என்ர மனுசன்ர கோட்டுக் கையை எட்டிப் பிடிச்சன். அரசாங்கக் கடுதாசியில, சீலோட, அழிக்கேலாத மையில. என்ர மனுசன் பயந்துபோய், என்னப்பா, சுகமில்லையோ எண்டு காதுக்குள்ள கேட்டார். ஒண்டுமில்லை எண்டு தலையாட்டினன்.

வெளியில வந்து ஏரிக்கரையில படம் எடுத்தினம். காத்து சேலையைப் பறிக்குது, லூக்காஸ் முந்தானையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நான் மெலனியைக் கொஞ்சம் அங்கால கூட்டிக்கொண்டு போய், அந்த மனுசி வாசிச்சது கேட்டதோ, நீ பிலோமினாவுக்குப் பிறந்தவள் எண்டு சட்டத்தில எழுதிப்போட்டினம், இனி நீ எந்தப் பேரை எடுத்தாலும் அது போகாது எண்டு சொன்னன்.

மெலனி என்னைப் பாத்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். டெர் இல்லை அம்மா, டீ எண்டு சொல்லுறதுக்கு முன்னம் வாற பார்வை. அந்தச் சொல்லுக்கு அப்பிடி அர்த்தம் இல்லை, பிறக்கேக்க இருந்த குடும்பப் பேர் எண்டுதான் அர்த்தம் எண்டு அவளுக்கு நல்லாத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும், ஊத்தே பிறகு சொன்னவ. வாயைத் திறந்தாள். பேந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சாள்.

"ஓம் அம்மா," எண்டாள். "உங்களுக்குத்தான் பிறந்தனான்."